மச்சாளின் கொப்பி

வெள்ளவத்தையில் பத்மாவதி வாசிக்காத தமிழ்ப் புத்தகம் ஒன்று இருந்தால் அது இன்னும் அச்சேறாத புத்தகமாகத்தான் இருக்கவேண்டும். புறக்கோட்டையில் ஓர் இறக்குமதிக் கந்தோரில் கிளார்க் வேலை. போகிற பஸ்ஸிலும் புத்தகம், வருகிற பஸ்ஸிலும் புத்தகம். இரண்டு நூலகங்களில் அங்கத்துவம். மூன்றாவதில் கந்தோர்ச் சிநேகிதி ஒருத்தியின் பெயரில் கள்ள அங்கத்துவம். செக்பொயின்றில் பஸ்ஸை மறித்து எல்லாரையும் இறக்கினால் மற்றவர்கள் அடையாள அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு நெஞ்சு படபடக்க நிற்பார்கள். இவள் அந்த அட்டையைப் பக்கத்துக்கு அடையாளமாகச் செருகிக்கொண்டு, வரிசையில் நின்றபடி வாசிப்பாள். இப்படிப்பட்டவள் எழுதாமல் இருப்பாளா? எழுதினாள். பதினொரு வருஷமாக ஒரே நாவலை எழுதினாள்.

அந்த நாவல் பட்ட பாட்டைச் சொல்லி மாளாது. ஒரு நல்ல புத்தகத்தை வாசித்து முடித்தால் போதும், தான் எழுதியதெல்லாம் சப்பென்று போய்விடும். உடனே முதல் அத்தியாயத்தைக் கிழித்துப்போட்டு, அந்தப் புத்தகத்தின் நடையில் திரும்ப எழுதுவாள். அடுத்த மாதம் இன்னொரு நல்ல புத்தகம் வரும். திரும்பவும் கிழிப்பாள். இருக்கிறதையெல்லாம் வாசித்து முடித்தால்தானே நாலு பேர் மெச்ச எழுதலாம் என்று அவளுக்கு ஒரு கணக்கு. கலியாணம் பேசி வந்த இரண்டு இடத்தையும் நாவல் முடியட்டும் என்று தட்டிக் கழித்தாள். வயது நாற்பத்திரண்டு ஆயிற்று, நாவல் மூன்றாம் அத்தியாயத்தைத் தாண்டவில்லை.

தொண்ணூற்றாறாம் ஆண்டு ஜெகதீஸ்வரி வந்து சேர்ந்தாள். பத்மாவதியின் தம்பி சண்முகலிங்கத்தின் மனைவி, ஒருத்திக்கொருத்தி மச்சாள். தம்பி சுவிஸில். யாழ்ப்பாணத்தை விட்டு எல்லாரும் வெளிக்கிட்டபோது வெளிக்கிட்டு, வன்னியில் அலைந்து, வவுனியாவில் கொழும்புக்கு வர ஆமி தரும் பாஸுக்குக் காத்துக் கிடந்து வந்தவள். தம்பி கூப்பிடும் அலுவல் சரிவருமட்டும் மச்சாளோடு இருக்கட்டும் என்று ஏற்பாடு. சுவிஸ் அலுவல்கள் எப்போது சொன்ன தவணைக்குச் சரிவந்திருக்கின்றன? ஒரு வருஷம் போய்விட்டது. நல்ல பிள்ளை, சமைப்பாள், தைப்பாள். பத்மாவதிக்கு அவளில் பிடித்த ஒரே குறை, புத்தகத்தைக் கையால் தொடமாட்டாள் என்பது. அந்தக் குறையைப் பத்மாவதி கந்தோரில் எல்லாரிடமும் சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

அந்த ஜெகதீஸ்வரிதான் ஒரு நாள் எண்பது பக்கக் கொப்பி ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினாள். வாரப் பத்திரிகை ஒன்று சிறுகதைப் போட்டி வைத்திருந்ததாம். குசினியில் பருப்பு அவியிற நேரத்தில் எழுதினாளாம். மாத முடிவுக்குள் அனுப்பவேண்டுமாம். மச்சாள் வாசித்து, நல்லாயிருக்கு என்று ஒரு சொல் சொன்னால் அனுப்புவாளாம், இல்லையென்றால் இல்லையாம். பத்மாவதிக்குச் சிரிப்பு வந்தது. பாவம் பிள்ளை, நாலு பிழையைத் திருத்திக் கொடுப்போம் என்று வாங்கிக்கொண்டாள்.

கதை இவ்வளவுதான். தையல் மெஷின் ஒன்றைத் தூக்கிக்கொண்டு ஒரு பெண் செக்பொயின்றுக்கு வருகிறாள். மெஷினைக் கழற்றிப் பார்க்கிற ஆமிக்காரனின் சட்டையில் பொத்தான் அறுந்து தொங்குகிறது. தைத்துவிடச் சொல்கிறான். அவள் தைத்து முடித்து, நூலைப் பல்லால் கடிக்க அவன் நெஞ்சருகே குனிகிறாள். அவன் திடுக்கிட்டு ஓர் அடி பின்னுக்குப் போகிறான். ‘அந்தப் பாதை முழுக்க நான் கண்ட பயந்த ஆமி அவன் ஒருவன்தான்’ என்று அவள் நினைத்துக்கொள்கிறாள்.

பத்மாவதிக்கு வயிறு பற்றி எரிந்தது. இது எங்கிருந்து வந்தது? எந்தப் புத்தகத்தில் இருக்கிறது? ஒன்றிலும் இல்லை, அவளுக்குத் தெரியாதா? பருப்புக்கு உப்புப் போட மறக்கிறவள், ஒரு நாவலின் முதல் பக்கத்தைக்கூடத் தாண்டாதவள், அவளுக்கு இது எப்படி வரலாம்? பதினொரு வருஷம் பஸ்ஸிலும் வரிசையிலும் கண் நோக நோக வாசித்தவள் ஒருத்தி இங்கே இருக்க, கதை போயும் போயும் அவளிடமா வரவேண்டும்? குறை கண்டுபிடிக்கவென்று மறுபடி வாசித்தாள். பிறகும் வாசித்தாள். ஏழு தரம் வாசித்ததில் வரி வரியாக மனப்பாடமானதுதான் மிச்சம், குறை அகப்படவில்லை. வாசிச்சிட்டீங்களோ மச்சாள் என்று ஜெகதீஸ்வரி கேட்கும்போதெல்லாம் கந்தோரில் வேலை கூட என்றாள், கண் நோகிறது என்றாள், பாதிதான் முடிந்தது என்றாள். மூன்று வாரத்தை இப்படியே கடத்தினாள். இன்னும் ஐந்து நாள் கடத்தினால் போட்டி முடிந்துவிடும்.

அந்த ஞாயிறு காலை சுற்றிவளைப்பு. ஒழுங்கையின் இரண்டு முனையையும் மறித்துவிட்டு ஆமியும் பொலிசும் மாடி மாடியாக ஏறத் தொடங்கினார்கள். ஜெகதீஸ்வரி சுவிஸில் இருக்கும் புருஷனோடு டெலிபோனில் கதைக்கக் கொமினிகேஷன் கடைக்குப் போயிருந்தாள். கையெழுத்துத் தமிழ் என்றால் கொழும்பில் அப்போது தனிப் பயம். அச்சடித்த புத்தகத்தைப் புரட்டிவிட்டுப் போட்டுவிடுவார்கள். பேனையால் எழுதியதைக் கண்டால் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய் யாரையாவது கொண்டு வாசிப்பிப்பார்கள், எழுதியவரையும் கூடவே ஜீப்பில் ஏற்றுவார்கள். அதனால் பூட்ஸ் சத்தம் கேட்டதும் வீடுகளில் கடிதம், டயறி, பிள்ளைகளின் கட்டுரைக் கொப்பி எல்லாம் கிழிபட்டுக் கக்கூசுக்குள் போகும். பத்மாவதியின் வீட்டில் அப்படி இரண்டு இருந்தன. ஒன்று நாவல், மற்றது மச்சாளின் கொப்பி.

நாவலை எடுத்துப் புத்தக அலுமாரியில் தடித்த புத்தகங்கள் இரண்டுக்கு நடுவே செருகினாள். மச்சாளின் கொப்பியையும் அப்படியே செருகியிருக்கலாம், இடம் இருந்தது. செருகவில்லை. கக்கூசுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, நாலு நாலு தாளாக எடுத்துச் சுக்குநூறாகக் கிழித்தாள். ஆமிக்காரனைப் பற்றி எழுதியிருக்கு, ஆபத்து, கிழிக்கத்தானே வேணும் என்று வாய் முணுமுணுத்தது. கை மட்டும் உள்ளதைச் சொன்னது. அவ்வளவு சின்னதாக எந்தப் பயந்த மனுஷியும் கிழிக்கமாட்டாள். இரண்டு தரம் தண்ணீரை இழுத்துவிட்டு வெளியே வந்தபோது அவளுக்கு நெஞ்சு லேசாக இருந்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் இருந்தது.

இன்ஸ்பெக்டர் ஒருவரும் ஹமீட் என்று பெயர்ப்பட்டி குத்திய கான்ஸ்டபிள் ஒருவரும் உள்ளே வந்தார்கள். இன்ஸ்பெக்டர் அலுமாரியைக் கலைத்துக் கலைத்துச் சரியாக நாவலை இழுத்தெடுத்தார். கையெழுத்து. வாசித்துச் சொல் என்று தமிழ் தெரிந்த ஹமீடிடம் நீட்டினார். ஹமீட் நின்ற நிலையில் பத்துப் பக்கம் வாசித்தார். அவருக்கு வாசிக்கத் தெரிந்திருந்தது. சிலர் புத்தகம் பிடிக்கிற பிடியிலேயே தெரியும். பிறகு இன்ஸ்பெக்டரிடம் சிங்களத்தில், இது புத்தகங்களைப் பார்த்துக் கொப்பி பண்ணியது சேர், ஒன்றுமில்லை என்றார்.

அந்த இடத்தில் புத்தியுள்ள எந்தத் தமிழ்ச் சனமும் தலையை ஆட்டிவிட்டு வாயை மூடிக்கொண்டிருக்கும். பத்மாவதி மூடவில்லை.

“இல்லை. நான் எழுதினது,” என்றாள்.

இன்ஸ்பெக்டர் திரும்பினார். ஹமீட் அவசரமாக அவளருகே வந்து குரலைத் தணித்தார்.

“சும்மா இரிங்க அக்கா. ஒங்கள ஏத்திப் போடுவாங்க. நானும் படிக்கிற ஆள்தான். இதில ஒவ்வொரு பக்கமும் எங்கயோ படிச்சதுதான் இரிக்கி.”

அந்த மனுஷன் அவளைக் காப்பாற்றத்தான் சொன்னார். அதனால்தான் அதைப் பொய் என்று தள்ளவும் வழியில்லாமல் போயிற்று. ஒன்றுமில்லை சேர் என்று ஹமீட் மறுபடி சொல்ல, நாவலைக் கட்டிலில் போட்டுவிட்டு இரண்டு பேரும் அடுத்த வீட்டுக்குப் போனார்கள். பத்மாவதி அதை எடுத்துப் பார்த்தாள். இந்தப் பந்தி எந்தப் புத்தகம், அந்தக் காட்சி எந்தப் புத்தகம் என்று அவளுக்கே பக்கம் பக்கமாகத் தெரிந்தது. எப்போதும் தெரிந்துதான் இருந்திருக்கிறது.

ஒழுங்கை முனையில் மறித்து வைக்கப்பட்டிருந்த ஜெகதீஸ்வரி ஒரு மணித்தியாலம் கழித்து ஓடிவந்தாள். வந்ததும் கொப்பியைத்தான் கேட்டாள். கிழித்துவிட்டேன் என்றாள் பத்மாவதி. ஜெகதீஸ்வரியின் முகம் ஒரு கணம் செத்துப்போய், பிறகு தெளிந்தது. மச்சாளின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

“நல்ல வேளை மச்சாள். அதைக் கண்டிருந்தா இண்டைக்கு என்னை விட்டிருக்க மாட்டாங்கள். கதை போனாப் போகட்டும்.”

சொல்லிவிட்டு அழுதாள். அந்த நன்றியை வாங்கி வைத்துக்கொண்டு பத்மாவதி காலம் முழுக்க நல்லவளாக இருந்திருக்கலாம். ஒருத்தருக்கும் தெரிந்திராது. ஆனால் காலையிலேயே ஒருத்தர் அவளுக்கு உண்மையைச் சொல்லிவிட்டுப் போயிருந்தார், இன்னொரு பொய்க்கு அவளிடம் தெம்பில்லை.

“நான் உம்மைக் காப்பாத்தக் கிழிக்கேல்லை, ஜெகதா. என்ர நாவலை ஒளிச்சு வைச்சனான். உம்மடதை மட்டும்தான் கிழிச்சனான்.”

“ஏன்?”

“பொறாமையில. மூண்டு கிழமையா எனக்கு நித்திரையில்லை.”

ஜெகதீஸ்வரி கையை விட்டாள். போய்க் கதிரையில் இருந்தாள். திட்டப் போகிறாள், தம்பிக்குச் சொல்லப் போகிறாள், இன்றைக்கே பெட்டியைக் கட்டப் போகிறாள் என்று பத்மாவதி தலையைக் குனிந்துகொண்டு காத்திருந்தாள். எல்லாம் தகும் என்றும் நினைத்தாள். வந்தது ஒரு கேள்விதான்.

“அப்ப, கதை நல்லாயிருக்கு எண்டுறீங்களோ?”

பத்மாவதி நிமிர்ந்து பார்த்தாள். அழுத கண்தான், ஆனால் அதில் கோபத்தைவிட ஆவல் கூட இருந்தது. அந்த ஆவலைக் கண்டதும் பழைய எரிச்சல் ஒன்றும் குறையாமல் அப்படியே வயிற்றில் மூண்டது.

“ஓம். நல்லாயிருக்கு,” என்றாள். “முழுக்கப் பாடமாயிருக்கு எனக்கு.”

ஜெகதீஸ்வரி எழுந்து கண்ணைத் துடைத்தாள். புதுக் கொப்பி ஒன்றும் பேனையும் எடுத்துவந்து மேசைக்கு முன்னால் உட்கார்ந்தாள்.

“அப்ப பக்கத்தில இருந்துகொண்டு சொல்லுங்கோ, நான் எழுதுறன்,” என்றாள். “ஆனா மச்சாள், உங்கட சொல் ஒண்டும் அதுக்குள்ள வரக்கூடாது.”