சீனித் தண்ணீர்

பலாபத்வலையில் கடை வைத்திருந்த மர்சூக் அவர்கள் நீரிழிவு நோயாளி. ரமழானில் இன்சுலின் ஊசியை, விடியுமுன் உண்ணும் சஹர் உணவுக்குச் சற்று முன் போட்டுக்கொள்வார். அன்று ஊசி போட்டு முடித்ததும், நோன்பு தொடங்கும் சுபஹ் பாங்கு ஒலித்துவிட்டது. உண்ணாமலே நோன்பு நோற்றார்.

முற்பகலில் அவருக்கு வியர்த்தது, கைகள் நடுங்கின. மனைவி ஹமீமா சீனித் தண்ணீர் கொண்டுவந்தார்.

"குடிங்க. ரத்தத்துல இருந்த சீனியெல்லாம் ஊசி மருந்தால கொறஞ்சிருச்சு. நோயாளி நோன்ப விடலாம்னு பள்ளிவாசல் லெப்பையே சொன்னாரு. நீங்க லெப்பைக்கும் பெரிய ஆளா?"

"பொழுது சாஞ்சு மஃரிபு பாங்கு சொல்லட்டும், புள்ள. நான் ஒரு நோன்பும் விட்டதில்ல."

சிறிது நேரத்தில் பேச்சுக் குழறியது. ஹமீமா கோப்பையை அவர் உதட்டில் வைத்தார். பற்கள் இறுகிக்கொண்டன. மறுப்பது கணவரா, அவருக்குக் கட்டுப்படாத நரம்புகளா என்று ஹமீமாவுக்குத் தெரியவில்லை. சீனித் தண்ணீர் தாடியில் வழிந்துகொண்டிருந்தது.