திருமாடத்தின் முன் ஒரு முக்காலி

ஆகஸ்டு மாதத்தின் நடுநாள்கள் அவை. கடல் எண்ணெய் வார்த்ததுபோல் அசைவற்றுக் கிடந்தது. விடியுமுன் தொடங்கிய சிள்வண்டுகளின் ஓசை ஓய்வதாயில்லை. கோயில் குளத்துத் தாமரை, வெயில் ஏறுமுன் ஒருமுறை விரிந்து, மீண்டும் தன்னுள்ளே ஒடுங்கிக்கொண்டது. மாண்டோர் தத்தம் இல்லம் மீளும் ஓபோன் நாள்கள். வாசல்தோறும் விளக்கேற்றி, வருவோர்க்காக ஊர் குரல் தாழ்த்திக் காத்திருந்தது.

ஷிஹோவுக்கு ஏழாம் மாதம். புத்தர் கோயில் குருவான தந்தை இடுப்பெலும்பு முறிந்து மருத்துவமனையில் கிடந்ததால், நாற்பத்தொரு வீடுகளிலும் மாண்டோரை வணங்கும் திருமாடத்தின் முன் சூத்திரம் ஓதும் கடமை இவ்வாண்டு அவளுடையதாயிற்று. காலையில் வெள்ளைக் காலுறையை அணிய முயன்றாள். வீங்கிய கணுக்காலில் அதன் கொக்கிகள் மாட்ட மறுத்தன.

மருத்துவச்சி நேற்றே எச்சரித்திருந்தாள்: "ரத்த அழுத்தம் சரியாத்தான் இருக்கு. ஆனா இறுக்கிப் பிடிக்கிற எதையும் போடாதே. மண்டி போட்டு உக்காரவே கூடாது. கால் மரத்துப்போயி விழுந்து வெச்சா? ரெண்டு வீட்டுக்கு ஒருதரம் காலைத் தூக்கி வெச்சுப் படு."

தந்தை தொலைபேசியில் தயங்கினார். "முடியலைன்னா பக்கத்து ஊர்க் கோயில்லேருந்து ஆள் வரச் சொல்றேன்மா."

அப்படி வேற்றுக் கோயிலிடம் போகும் வீடுகள் திரும்பி வாரா என்பதை அவள் அறிவாள். "வேண்டாம்ப்பா. நானே போறேன். மண்டி போடாமலே ஓதுறேன்."

தளர்ந்த காலுறையும் அகன்ற துணிக்காலணியும் அணிந்து, மடக்கு முக்காலியொன்றைக் கையிலெடுத்து, முதலில் குரிஹாரா வீட்டுக்கே சென்றாள். கோயில் குடிகளுக்கு அவர்தான் தலைவர். அவர் ஏற்றால் ஊர் ஏற்கும். வசந்தத்தில் இறந்த அவர் மனைவி சுமிக்கு இதுவே முதல் ஓபோன்.

குரிஹாரா அவள் காலணியைப் பார்த்தார். "என்ன குருவம்மா, மலையேறக் கிளம்பிட்டீங்களா?"

"நாப்பத்தோரு வீடுன்னா மலைதானே, ஐயா."

"அந்த முக்காலி?"

"உக்கார."

அவர் முகம் இறுகியது. "எம்பொண்டாட்டி மொதல் தடவையா வீட்டுக்கு வர்றா. அவ முன்னால முக்காலியா? உங்கப்பா நாப்பது வருஷம் மண்டி போட்டாரே!"

"அவரு வயித்துல நான் இல்லையே, ஐயா."

அவர் உதட்டோரம் ஒருகணம் துடித்தது. ஆனால் வழி விடவில்லை.

ஷிஹோ குரலை உயர்த்தவில்லை. "கால் வீங்கியிருக்கு. சூத்திரத்துல ஓர் எழுத்துக்கூடக் குறையாது. வேண்டாம்னா சொல்லுங்க, அடுத்த வீட்டுக்குப் போறேன். மண்டி மட்டும் போடமாட்டேன்."

குரிஹாரா விலகி நின்றார். பின் சமையலறைக்குள் போய்விட்டார். சினம்தான் என்று அவள் எண்ணினாள். ஆயினும் முக்காலியை விரித்து, இரு பாதங்களையும் பாயில் நன்றாக ஊன்றி, மணியடித்து ஓதத் தொடங்கினாள்.

பாதி ஓதுகையில் பின்னால் எதுவோ இழுபடும் ஓசை. குரிஹாரா சமையலறை நாற்காலியை இழுத்து வந்து, பாய் கிழியாதிருக்க அதன் கால்களுக்குக் கீழே துண்டை மடித்து வைத்துக்கொண்டிருந்தார்.

"எனக்கும் முழங்கால் மடங்குறதில்ல," என்றார் தரையைப் பார்த்தபடி. "மண்டி போட முடியாதவனுக்கு அவ முன்னால என்ன வேலைன்னு, அவ போனதுலேருந்து ஓதுறதை அடுக்களையிலேயே நின்னு கேட்டுக்கிட்டிருந்தேன். நீங்க ஓதுங்க. மத்த வீடுகளுக்கு நானே போன் பண்ணிச் சொல்றேன். எவனாவது மூஞ்சியைத் தூக்கினா எங்கிட்ட பேசட்டும்."

ஷிஹோ முக்காலியை ஒரு சாண் நகர்த்தி இடம் விட்டாள். சூத்திரத்தை முதலிலிருந்து மீண்டும் தொடங்கினாள்.

அவர் அமர்ந்தார். சுமியின் படத்தை நேருக்கு நேர் நோக்கி, கைகளைக் குவித்து, அமிதாப புத்தரின் திருநாமத்தை உதட்டளவில் உச்சரித்தார்.

ஓதி முடிந்து அவள் வாசலில் இறங்கியபோது, அவர் தலை தாழ்த்திச் சொன்னார்:

"போற கால் நோகாம போகட்டும், தாயீ. வரப்போற கால் சொகமா வரட்டும்."