குப்புறப் படுத்த பதினான்கு நாட்கள்

அந்தக் குடியிருப்பில் அவரை லேப்காரர் என்றுதான் சொல்வார்கள். கல்லூரி ஒன்றின் வேதியியல் ஆய்வகத்தில் முப்பது வருடம் அமிலம் அளந்து கொடுத்தவர். ஓய்வு பெற்றதும் பூச்சி தின்னும் செடிகள்மேல் பைத்தியமானார். பால்கனியில் நாற்பது தொட்டிகள். ஈ உட்கார்ந்தால் வாயை மூடிக்கொள்பவை, பசைத்துளியில் கொசுவை ஒட்டவைப்பவை, மூடி போட்ட ஜாடிபோலத் தொங்குபவை.

அவற்றுக்குக் குழாய்த் தண்ணீர் ஆகவே ஆகாது. அதிலுள்ள உப்பு வேரைக் கருக்கிவிடும். மழைநீரை டிரம்மில் பிடித்து வைத்து ஊற்றுவார். பூச்சியைத் தின்னும் செடியையும் பூச்சி விடுவதில்லை. இலையிடுக்கில் பஞ்சுபோல மாவுப்பூச்சி அடையும். ஸ்பிரிட்டில் நனைத்த பிரஷால் ஒவ்வொன்றாகத் தொட்டு எடுப்பார். மனைவிக்குக் காய்ச்சல் என்றால் மாத்திரை இருக்கும் அலமாரியைக் கைகாட்டுகிற மனிதர்.

அதே பால்கனியில் அவளுக்கு ஐந்து செம்பருத்திகள் இருந்தன. பதினோரு வருடம் வளர்த்தவை. இரண்டு நாள் மகள் வீட்டுக்குப் போய்த் திரும்பியபோது அங்கே அவருடைய புதுத் தொட்டிகள் இருந்தன. மாவுப்பூச்சி பிடித்துவிட்டது, மற்றதுக்கும் பரவும், அதனால் குப்பை வண்டியில் ஏற்றிவிட்டேன் என்றார். அவள் உள்ளே போனாள். சமையலறைக் குழாயைச் சத்தமாகத் திறந்துவிட்டு அழுதாள்.

மூன்று மாதம் கழித்து அவருடைய வலது கண்ணில் விழித்திரை கழன்றது. இடது கண்ணில் ஏற்கெனவே நிழல்தான் தெரியும். ஆப்பரேஷனுக்குப் பிறகு விழித்திரை ஒட்டிக்கொள்ளப் பதினான்கு நாள் இரவும் பகலும் குப்புறவே கிடக்கவேண்டும் என்றார் டாக்டர். லேப்காரர் தலையணையில் முகம் புதைத்தபடி மனைவிக்கு வேலை சொன்னார். தட்டில் இரண்டு விரல்கடை மழைநீர் நிற்க வேண்டும், பூச்சி தெரிந்தால் பிரஷ். அவள் சரிங்க என்றாள்.

அன்றே டிரம்மைக் குளியலறையில் கவிழ்த்தாள். குழாயிலிருந்து வாளி நிரப்பித் தட்டுகளில் ஊற்றினாள். பூச்சி பிடித்த இலை ஒன்றைக் கிள்ளி, சுத்தமாக இருந்த தொட்டிகளின் நடுவே போட்டாள்.

"சிவப்பு வாய்க்காரி எப்படி இருக்கா?" என்று தினமும் கேட்பார். அவருக்கு ரொம்பப் பிடித்த செடி அது.

"நல்லா இருக்கா. நேத்து ஒரு ஈயைப் பிடிச்சுட்டா."

அவர் தலையணைக்குள்ளேயே சிரிப்பார். அந்த வாய்கள் அப்போது கறுத்துச் சுருங்கத் தொடங்கியிருந்தன. நாளாக நாளாக அவள் பொய்களுக்கு மெருகேறியது. புது ஜாடி விட்டிருக்கிறது என்றாள், மொட்டு வந்திருக்கிறது என்றாள்.

ஒன்பதாம் நாள் அவர், "நீ இல்லேன்னா என் கதி என்ன ஆயிருக்கும்" என்றார். கல்யாணமான நாளிலிருந்து அவர் வாயில் வராத சொல். அவள் எழுந்தாள். போய் டிரம்மைத் திறந்து பார்த்தாள். ஒரு சொட்டு இல்லை. வானத்தில் மேகமும் இல்லை. அன்றும் குழாயைத்தான் திறந்தாள்.

பதினைந்தாம் நாள் காலை, ஆப்பரேஷன் செய்த கண் இன்னும் தெளியாமல், அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு பால்கனிக்குப் போனார். தொட்டி தொட்டியாகத் தடவினார். கை முழுக்க அழுகலும் வெள்ளை மாவும் ஒட்டின. தட்டுத் தண்ணீரில் விரலை நனைத்து நாக்கில் வைத்தார்.

"குழாய்த் தண்ணி."

"ஆமாங்க."

"எத்தனை நாளா?"

"முதல் நாள்லேருந்தே."

கத்துவார் என்று அவள் காத்திருந்தாள். அவர் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். "உன் செம்பருத்தில பூச்சியே இல்ல, தெரியுமா? வெயில் விழுற இடம் எனக்கு வேணும்னுதான் தூக்கிப் போட்டேன்."

நிதானமாக, அவளுக்கு வலிக்க வேண்டும் என்றே சொன்னார். வலித்தது. ஒன்பதாம் நாளிலிருந்து அவளை அரித்துக்கொண்டிருந்த குற்ற உணர்ச்சி அதோடு போயிற்று.

"டாக்டர் உங்ககிட்ட சொல்லலையா?" என்றாள். "இடது கண்ணுக்கும் ஆப்பரேஷனாம். அடுத்த மாசம். மறுபடியும் குப்புறதான் கிடக்கணுமாம்."

அவர் நாற்காலியைத் துழாவி உட்கார்ந்தார். சொட்டு மருந்துக்கு நேரமானபோது அவள் பாட்டிலோடு வந்து நின்றாள். அவர் தயங்கினார். வேறு ஆள் யாரும் வீட்டில் இல்லை. முகத்தை அண்ணாந்து, அவள் விரல்கள் இமையைப் பிரிக்க விட்டார்.