பெகாயிமின் பெயரால்

இசிக்-குல் ஏரிக்கரைச் சிறுநகரம் ஒன்றில் மினிபஸ் ஓட்டிவந்த தெமிர்கானுக்கு நாய் என்றாலே ஆகாது. போன குளிர்காலத்தில் அவன் மகள் பெகாயிமின் கெண்டைக்காலை ஒரு தெருநாய் கவ்விக் கிழித்துவிட்டது. அன்றிலிருந்து அவள் எங்கும் தனியாகப் போவதில்லை. எங்கோ ஒரு குரைப்புக் கேட்டால் போதும், அப்பாவின் கோட்டுக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்வாள். தாய் மாஸ்கோவில் வேலையில் இருந்ததால் பிள்ளையின் பாடு முழுவதும் தெமிர்கானுடையது.

நகர மன்றத் தேர்தல் வந்தபோது அந்த வட்டாரத்தில் பேச்செல்லாம் நாய்களைப் பற்றித்தான். பதவியில் இருந்த ஷெர்மாத், "எனக்குப் போடுங்க, தெருவுல ஒரு நாய் இருக்காது" என்றார். எதிர்த்து நின்றவள் மருத்துவமனை நர்ஸ் சாதாத். சுடக் கூடாது, பிடித்துக் கருத்தடை செய்து, வெறிநோய்க்குத் தடுப்பூசி போட்டு, பழைய இடத்திலேயே விட வேண்டும் என்றாள் அவள்.

பெகாயிமுக்கு ஊசி போட்டவளும் அவள்தான். தெமிர்கானுக்கு அதுதான் ஆறவில்லை. ஓட்டுக் கேட்டு அவள் வந்தபோது கதவைப் பாதிதான் திறந்தான்.

"எம் பொண்ணு வலி தாங்காம உங்க கையத்தானேக்கா பிடிச்சுக்கிட்டுக் கெடந்தா. அதே கையால நாய்க்குப் பரிஞ்சு நோட்டீஸ் குடுக்கறீங்களே."

"அவ பிடிச்ச பிடி இன்னும் மறக்கல தம்பி. அதனாலதான் நிக்கறேன். ஒவ்வொரு வசந்தத்துலயும் சுடறாங்க. இலை உதிர்றதுக்குள்ள மலையடிவாரத்துலேர்ந்து புது நாய்ங்க எறங்கிடுது. எதுக்கும் ஊசி போட்டிருக்காது. மறுபடி புள்ளைங்க எங்கிட்ட வராங்க."

"நல்லாப் பேசறீங்க. என் ஓட்டு உங்களுக்கில்ல."

"சரி, போகட்டும். புள்ள சரியாச் சாப்பிடறாளா?"

அவன் இதை எதிர்பார்க்கவில்லை. "சாப்பிடறா" என்று சொல்லிக் கதவைச் சாத்தினான்.

தேர்தலுக்கு முந்தைய வாரம் விடியும் நேரத்தில், நாய்களைச் சுட மன்றம் அனுப்பிய துப்பாக்கிக்காரர்கள் வந்தார்கள். சத்தம் கேட்டுத் தெமிர்கான் எழுந்து வருவதற்குள் பெகாயிம் ஜன்னலோரம் போய் நின்றிருந்தாள். கீழே அடுக்குமாடி முற்றத்தில் ஒரு மஞ்சள் நொண்டி நாய் சுடப்பட்டுக் கிடந்தது. அவளைக் கடித்தது அதுவல்ல. அடுக்குமாடிக்காரர்கள் எலும்பு போட்டு வளர்த்த கிழட்டு நாய் அது. துப்பாக்கியோடு வந்தவர்களைப் பார்த்தும் வாலைத்தான் ஆட்டியிருக்கும். பின்னங்காலைப் பிடித்து லாரிக்கு இழுத்துப்போனார்கள்.

பெகாயிம் அழவில்லை. காலைத் தேநீரைத் தொடவுமில்லை. பள்ளிக்கூடம் போகும் வழியில், மினிபஸ்ஸின் முன்சீட்டில் உட்கார்ந்திருந்தவள் மெல்லக் கேட்டாள்.

"அப்பா, என்னாலயா அதச் சுட்டாங்க?"

"யாரு சொன்னா?"

"கிளாஸ்ல எல்லாரும். ஷெர்மாத் மாமா கூட்டத்துல எம் பேரச் சொன்னாராம். பெகாயிமுக்காகச் சுடுவோம்னு."

தெமிர்கான் வண்டியை ஓரங்கட்டினான். "என்னப்பா, டீசல் தீந்துபோச்சா?" என்று பின்னாலிருந்து யாரோ கேட்டார்கள். அவன் மகளின் கையைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டான். "உன்னால இல்லடா கண்ணு" என்றான். அவள் தலையாட்டினாள். நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

அன்று மாலை ஷெர்மாத்தின் கூட்டம். "நம்ம தெமிர்கானோட சின்னப் பொண்ணு..." என்று அவர் தொடங்கியதும் தெமிர்கான் எழுந்தான். மேடைப்பேச்சு அவனுக்குப் பழக்கமில்லை. தொப்பியைக் கசக்கிக்கொண்டே நின்றான். 

"அண்ணே, எம் பொண்ணு பேர விட்டுடுங்க."

"உனக்காகத்தானே பேசறேன் தம்பி."

"எனக்கும் நாயப் புடிக்காதுதான். ஆனா ஒரு உசுரு போனதுக்குத் தான்தான் காரணம்னு எட்டு வயசுப் புள்ள சாப்பிடாமக் கெடக்குது. நாய் கடிச்ச காயம் ஆறிடுச்சுண்ணே. இதுக்கு எங்க போயி மருந்து கேப்பேன்?"

ஷெர்மாத் காகிதத்தைப் புரட்டினார். பின்வரிசையில் ஒரு பெண், "அவன் சொல்றது நியாயந்தானே" என்றாள்.

அங்கிருந்து நேராக வீட்டுக்கு வந்து, மகளைக் கூட்டிக்கொண்டு சாதாத் வீட்டுக்குப் போனான். என்ன கேட்பதென்று அவனுக்கே தெரியவில்லை. விஷயத்தைக் கேட்டுக்கொண்ட சாதாத், பெகாயிமின் முன்னால் தரையில் உட்கார்ந்தாள்.

"நீ கடி வாங்கின புள்ள. அவ்வளவுதான். சுடச் சொன்னது பெரியவங்க. நாங்க சில சமயம் தப்பா முடிவெடுப்போம். அப்புறம் நாங்களேதான் மாத்தணும்."

"நீங்க ஜெயிச்சா மாத்துவீங்களா?"

"ஜெயிச்சா மாத்துவேன். தோத்தா, மாத்தச் சொல்லிக் கத்திக்கிட்டே இருப்பேன். எனக்குத் தொண்டை பெருசு, அப்பாவக் கேளு."

பெகாயிம் லேசாகச் சிரித்தாள். தட்டிலிருந்த எண்ணெய்ப் பணியாரத்தை எடுத்து ஜாமில் தோய்த்துக் கடித்தாள். தெமிர்கான் எழுந்து சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டான்.

சாதாத் நூலிழையில் ஜெயித்தாள். அவன் ஓட்டும் அவளுக்குத்தான். மன்றம் ஊசி மருந்துக்கும் கருத்தடைக்கும் முனகிக்கொண்டே ஒப்புக்கொண்டது. நாய்களை ஏற்றிப்போக வண்டி மட்டும் தர முடியாது என்றது. ஞாயிற்றுக்கிழமைகளில் தெமிர்கான் மினிபஸ்ஸின் பின்சீட்டுகளைக் கழற்றித் தார்ப்பாய் விரித்தான்.

"இனிமே உன் வண்டியில எவன்டா ஏறுவான்?" என்று கூட்டாளிகள் கேலி செய்தார்கள்.

"இத்தன நாளா டிக்கெட் எடுக்காம ஏறுற நாய்ங்க நீங்க மட்டுந்தான்னு நெனச்சிருந்தேன்" என்றான்.

மூன்றாவது ஞாயிறு பெகாயிம் தானும் வருவேன் என்று அடம்பிடித்தாள். முன்சீட்டில் அப்பாவை ஒட்டி விறைப்பாக உட்கார்ந்துகொண்டாள். பின்னால் அறுவை முடிந்த கறுப்பு நாய் ஒன்று மயக்கம் தெளியாமல் முனகியது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. கொஞ்சதூரம் போனதும் ஜன்னல் கண்ணாடியைச் சற்று இறக்கினாள்.

"புழுக்கமா இருக்கா கண்ணு?"

"எனக்கில்லப்பா" என்றாள். "அதுக்கு."