பிடித்துத் தைத்த சட்டை

மூன்றாவது முறையாக நூல் அறுந்தது. "சனியனே, இன்னிக்குத்தானா உனக்கு?" என்று மிஷினைத் திட்டிவிட்டு, டெய்லரம்மா நூல் நுனியை எச்சில் தொட்டு ஊசியில் கோத்தாள். ஊசிக்குக் கீழே கிடந்தது அவள் புருஷனின் நீலச் சட்டை. ஆஸ்பத்திரிக்குப் போகப் பத்தரைக்குக் கார் வந்துவிடும். அதற்குள் இரண்டு பக்கமும் அரை அரை அங்குலம் பிடித்துத் தைத்து, சுவடு தெரியாமல் இஸ்திரி போட்டு, பழையபடி கொடியில் மாட்டிவிட வேண்டும். அடுத்த அறையில் அவர் தூங்கிக்கொண்டிருந்தார். தூங்குகிறார் என்றுதான் நினைத்தாள்.

நான்கு மாதமாக இதே பிழைப்பு. நோய் அவரைத் தின்னத் தின்ன, இவள் சட்டையைச் சுருக்கிக்கொண்டே வந்தாள். சட்டை தொளதொளத்தால்தானே இளைத்தது தெரியும்? உடம்போடு சட்டை ஒட்டி நின்றால், 'அப்படியேதான் இருக்கேன்' என்று மனுஷன் நினைத்துக்கொள்வார். நினைத்தால் நாலு வாய் கூடச் சாப்பிடுவார். சாப்பிட்டால் தேறுவார். இதுதான் அவள் கணக்கு. ரசம் போய்விட்டது என்று சொல்லிக் கண்ணாடியைக் கழற்றிப் பரண்மேல் போட்டாயிற்று. எடை பார்க்கும் நர்ஸிடம், "நம்பரை மட்டும் வாய்விட்டுச் சொல்லிடாதம்மா" என்று கையைப் பிடித்துக் கெஞ்சியும் ஆயிற்று.

மிச்சத் துணியை அவள் வெட்டவில்லை. வெட்டினால் வெட்டியதுதான். மடித்து உள்ளே விட்டால், உடம்பு தேறியதும் பிரித்துவிடலாம் இல்லையா? அதனால் சட்டைக்குள் இரண்டு பக்கமும் மடிப்பு மேல் மடிப்பாகத் துணி திரண்டு கிடந்தது.

இதில் வேடிக்கை என்னவென்றால், அவர் வேலை பார்த்ததே லாரிகளை நிறுத்தி எடை போடும் மேடையில்தான். இருபத்தாறு வருஷம். லாரி வாசலில் திரும்பும்போதே டயர் அமுங்குவதைப் பார்த்து எத்தனை டன் என்று சொல்லிவிடுவார். மெஷின் வேண்டுமானால் தப்பாகக் காட்டும், அவர் தப்பியதில்லை. அந்த வட்டாரத்தில் அவருக்குப் பெயரே 'தராசு'தான். அந்தத் தராசிடம் போய் இவள் எடையை மறைக்கிறாள்!

குண்டூசிதான் அவளுக்குத் தலைவலி. வாடிக்கைக்காரர் துணியில் இத்தனை வருஷத்தில் ஒரு குண்டூசியை விட்டுவைத்தவள் இல்லை. இவர் சட்டையில் மட்டும், ஒரு காதை அந்த அறையில் வைத்துக்கொண்டு தைப்பதில், ஒவ்வொரு தடவையும் ஒன்று குறைந்துவிடும். தரையெல்லாம் பெருக்கிப் பார்த்தாலும் கிடைக்காது.

"என்னத்தத் தேடுற?" என்பார் படுக்கையிலிருந்து.

"குண்டூசிங்க."

"செருப்பப் போட்டுக்கிட்டுத் தேடு. கால்ல குத்திடப்போகுது."

வாசல் கதவு திறந்தது. அவருடைய அக்கா. செருப்பைக் கழற்றும்போதே முகம் சரியில்லை.

"இன்னுமா இந்தக் கூத்து?" சட்டையைப் பார்த்ததும் புரிந்துபோயிற்று அவளுக்கு.

"மெதுவா பேசுங்க அண்ணி." டெய்லரம்மா மிஷினை வேகமாக மிதித்தாள். பேச்சு மிஷின் சத்தத்தில் அமுங்கட்டும்.

"எதுக்கு மெதுவா? நேத்து டாக்டரப் பாத்தேன். நாள எண்ணிக்கச் சொல்லிட்டாரு. என் தம்பிக்கு யாருகிட்டயாவது ஏதாவது சொல்லணும்னு இருக்காதா? நீ தேறிடுவ, தேறிடுவன்னு சொல்லிச் சொல்லி அவன் வாயவே அடைச்சிட்ட."

"நம்பிக்கைலதான் அண்ணி மூச்சு ஓடுது. அதையும் புடுங்கிட்டா?"

"பொய் சொல்லிக் குடுத்தா அதுக்குப் பேரு நம்பிக்கையா? இன்னிக்கு நான் சொல்லத்தான் போறேன். நீ எங்கிட்ட பேசாம போனாலும் சரி."

டெய்லரம்மா எழுந்து கதவை மறித்தாற்போல் நின்றாள். அடிக்கக்கூடக் கை எழுந்திருக்கும், அப்படி ஒரு ஆத்திரம்.

"டெய்லரம்மா," உள்ளேயிருந்து அவர் குரல். "யாரு துணி தைக்கிற காலங்காத்தால?"

"பக்கத்து வீட்டு... பக்கத்து வீட்டுக்காரர் சட்டைங்க. கொஞ்சம் பிடிக்கச் சொன்னாரு."

கட்டில் கிரீச்சிட்டது.

"பாவம், இளைச்சிட்டாரு போல," என்றார்.

பெண்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். டெய்லரம்மா சட்டைக்கு அவசர அவசரமாக இஸ்திரி போட்டாள். குண்டூசிகளை டப்பாவில் போட்டாள். எண்ண நேரமில்லை.

சட்டையோடு அவள் உள்ளே போக, அக்காவும் பின்னாலேயே வந்தாள். அவர் கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தார். கன்னம் ஒட்டி, கண் மட்டும் பெரிதாக.

"வா அக்கா. பட்டாளத்தோட கிளம்புறோமா?"

"தம்பி, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு, சட்டையப் போட்டுக்கிறேன்."

டெய்லரம்மா கைகளை ஒவ்வொன்றாக நுழைத்துவிட்டாள். பொத்தானை நானே போடுகிறேன் என்று அவர் அவளை விலக்கினார். ஒன்று, இரண்டு. மூன்றாவது பொத்தானில் அவர் கை நின்றது. இடது விலாப் பக்கம் மெல்ல நகர்ந்து அங்கேயே இருந்தது. வலிக்கிறதோ என்று அவள் பதறினாள். அவர் கையை மடக்கிக்கொண்டு நிமிர்ந்தார். சிரித்தார்.

"அக்கா, பாத்தியா? சட்டை கொஞ்சம் டைட்டா இருக்கு. உடம்பு ஏறிடுச்சு போல."

அக்கா வாயைத் திறந்தாள். தம்பியின் முகத்தைப் பார்த்தாள். பிறகு டெய்லரம்மாவின் முகத்தை.

"ஆமாடா," என்றாள். "ஏறித்தான் இருக்க."

"என்னமோ சொல்லணும்னியே?"

"வெயில் ஏறுறதுக்குள்ள கிளம்பலாம்னு சொல்ல வந்தேன்."

வெளியே கார் ஹார்ன் அடித்தது. டெய்லரம்மாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அண்ணியின் காலில் விழலாம்போல் இருந்தது.

"டெய்லரம்மா, ஒரு வாய் தண்ணி குடு. குடிச்சிட்டுப் போலாம்."

அவள் தண்ணீர் எடுத்துக்கொண்டு திரும்பியபோது அவர் அக்காவின் தோளில் சாய்ந்திருந்தார். "டேய் தம்பி, டேய்" என்று அக்கா கன்னத்தைத் தட்டிக்கொண்டிருந்தாள். கார் டிரைவர் ஓடிவந்து கழுத்தில் விரல் வைத்துப் பார்த்தார். விரலை எடுக்க அவருக்கு மனசு வரவில்லை. தெருமுனை டாக்டர் வந்து பார்த்துவிட்டு, கைக்கடிகாரத்தில் நேரம் பார்த்து எழுதிக்கொண்டார். பத்து நாற்பது.

டெய்லரம்மா அழவில்லை. தண்ணீர் டம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

மதியம், உடலைத் தயார்செய்ய ஒரு பெரியவர் வந்தார். சட்டையை மாற்ற வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றாள். பெரியவர் அவர் கைகளை நேராக்கி வைத்தார். வலது கை மட்டும் மூடியிருந்தது. ஒவ்வொரு விரலாகப் பிரித்தார்.

"என்னம்மா இது, குண்டூசி?"

சிவப்புத் தலை வைத்த குண்டூசி. அவளுடையது. "ஐயோ, குத்திட்டேனே! கடைசி நேரத்துல அவரைக் குத்திட்டேனே!" அப்போதுதான் அழுகை வந்தது. அவரைச் சுமந்து காப்பாற்றியதாக நினைத்துக்கொண்டிருந்தவள், போகும்போது ஊசியால் குத்தி அனுப்பியிருக்கிறாள்.

பெரியவர் அவள் ஓயும்வரை பொறுத்திருந்தார். "சீப்பு இருந்தா குடும்மா, தலைய வாரிடறேன்."

கட்டில் தலைமாட்டில் அவருடைய வேலைப் பை தொங்கியது. நான்கு மாதமாக அதை அவள் தொடவில்லை. தேறி எழுந்து அவரே எடுத்து மாட்டிக்கொள்ளட்டும் என்று விட்டுவைத்திருந்தாள். சீப்பையும் சோப்பையும் ஒரே டப்பாவில் போட்டுவைப்பது அவர் பழக்கம். அதற்காக அவளிடம் எத்தனையோ தரம் ஏச்சு வாங்கியிருக்கிறார். டப்பாவைத் திறந்தாள்.

சீப்புக்குக் கீழே தேய்ந்த சோப்புத் துண்டு. அதில் வரிசையாகக் குண்டூசிகள் குத்தியிருந்தன. பச்சை, மஞ்சள், வெள்ளை. ஒன்பது. துருப்பிடிக்காமல், சாயாமல், ஒரே அளவு இடைவெளி விட்டு.

ஒவ்வொன்றாக விரலால் தொட்டாள். பக்கத்து வீட்டுக்காரர் சட்டை. செருப்பப் போட்டுக்கிட்டுத் தேடு. உடம்பு ஏறிடுச்சு போல.

அக்கா பின்னால் வந்து தோளில் கை வைத்தாள். மூக்கு அடைத்த குரல்.

"நீ சொன்னதுதான் சரி. கடைசி வரைக்கும் அவனுக்கு ஒண்ணுமே தெரியாமப் போச்சு. நிம்மதியாப் போனான்."

"ஆமாங்க அண்ணி," என்றாள் டெய்லரம்மா.

கையிலிருந்த சிவப்புக் குண்டூசியை ஒன்பதாவதற்குப் பக்கத்தில், அதே இடைவெளி விட்டு, சோப்பில் குத்தினாள். டப்பாவை மூடினாள். சீப்பைப் பெரியவரிடம் கொடுத்தாள்.