சலூனில் புறப்பட்ட மாப்பிள்ளை

எங்கள் பெரம்பலூரிலிருந்து மதராசுக்கு நேராக ரோடு போகிறது. வாசலில் நின்று கை காட்டினால் பஸ் நிற்கும். இருந்தும் என் கல்யாணத்துக்காக மதராஸ் புறப்பட்ட நான் கிழக்கே அரியலூர் போய், தெற்கே திருச்சி போய், மறுபடி பெரம்பலூருக்கே வந்து சேர்ந்தேன். எல்லாம் என் அப்பா அமிர்தலிங்கத்தின் ஏற்பாடு.

யுத்தம் முடிந்த மறு வருஷம் அது. முகூர்த்தம் வியாழக்கிழமை காலை, மதராசில் பெண் வீட்டில். "நேரம் தவறினா என் அக்கா மகன் குளிச்சிட்டு ரெடியா நிப்பான்" என்று நிச்சயத்தன்றே பெண்ணின் அப்பா சிரித்துக்கொண்டு சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த அக்கா மகனை நான் பார்த்திருக்கிறேன், நல்ல உயரம். ஜெயலட்சுமியையும் ஒரே ஒரு தடவை பார்த்திருந்தேன். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

அம்மாவின் தம்பி அரங்கநாதன் மாமாவிடம் கார் இருந்தது. பெட்ரோலுக்குக் கூப்பன் வேண்டும் என்பதால் பின்னால் கரி அடுப்பு மாட்டி, அதில் வரும் வாயுவில் ஓட்டுவார்.

"நம்ம கார்லயே போயிடலாம் அத்தான்" என்றார்.

"அடுப்போட போயி எறங்கினா சமையலுக்கு வந்த ஆளுன்னு நெனைப்பாங்க" என்றார் அப்பா.

திருச்சியிலிருந்து ஆகாய விமானம் போகிறதே என்றேன். "அதுல போனா நம்மள யாருடா பாப்பாங்க? மேகமா பாக்கும்?" என்று என் வாயையும் அடைத்தார்.

கடைசியில் ரயில்வே துரைமார் போகும் சலூன் ஒன்றை வாடகைக்குப் பிடித்தார். கட்டில், மெத்தை, சாய்வு நாற்காலி, சமையலறை எல்லாம் உள்ள தனிப் பெட்டி. அரியலூரில் ரயிலின் வாலில் கோத்துவிட்டால் மதராசில்தான் இறங்க வேண்டும். செவ்வாய்க்கிழமை ஊரே திரண்டு மேளதாளத்தோடு எங்களையும் கூட வந்த சொந்தக்காரர்களையும் வழியனுப்பியது.

செவ்வாயும் புதனும் வடக்கே சூலம். வீட்டைவிட்டு அந்தத் திசையில் புறப்படக் கூடாது. வீட்டிலிருந்து கிழக்கேதான் புறப்படுகிறோம் என்று அப்பா தைரியமாக வந்திருந்தார். சலூனில் ஏறியதும் அம்மா சமையலறையில் பால் காய்ச்சினாள். பால் பொங்கியபோது அப்பாவின் முகம் மாறியது.

"வீராயி, எதுக்குப் பால் காய்ச்சினே?"

"புது எடமாச்சுங்களே, காய்ச்சாம எப்படி?"

"பால் காய்ச்சிட்டா இது வூடாயிடுச்சு. வூட்ட விட்டு வடக்க கெளம்பலாமா இன்னிக்கு?"

"அந்தப் பாலையே ஒரு வாய் குடிச்சா பரிகாரம்தானுங்களே" என்றாள் அம்மா.

"அதெல்லாம் நடந்து போறவனுக்கு. சலூன்ல போறவன் வண்டியத் திருப்புவான்."

திருப்பினார். யார் யாரையோ பிடித்துத் தந்தியடித்து, சலூனைத் தெற்கே போகும் வண்டியில் கோக்க வைத்தார். திருச்சிக்குப் போய், புதன் காலை அங்கிருந்து மதராஸ் வண்டியில் கோத்துக்கொள்வதாகத் திட்டம். புறப்பாடு தெற்கே ஆகிவிட்டால் பிறகு வடக்கே திரும்பினாலும் சூலம் இல்லை என்பது அப்பாவின் கணக்கு. அங்கே விடிந்ததும் விசாரித்தால், சலூனை இழுக்க வியாழன் சாயங்காலம்தான் தோதுப்படும் என்றார்கள். பகல் வண்டி, ராத்திரி வண்டி எதிலும் தொத்திக்கொள்ளக்கூட இடமில்லை. விமானத்திலும் இடமில்லை.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "உங்க பவுசுக்கு என் பொழப்பக் கெடுத்துட்டீங்களே" என்று அப்பாவிடம் கத்திவிட்டேன். அவர் அம்மாவையும் என்னையும் கூட்டிக்கொண்டு போய்ப் பஸ்ஸில் ஏறினார். சொந்தக்காரர்கள் சலூனைவிட்டு இறங்கவில்லை. பலகாரம் அங்கேதான் இருந்தது.

அந்தப் பஸ் பெரம்பலூரோடு சரி. மதராஸ் பஸ் எப்போதோ போய்விட்டது. துண்டால் முகத்தை மூடிக்கொண்டு வந்த அப்பா எட்டிப் பார்த்தார். கடைத்தெருவில் அரங்கநாதன் மாமா குடும்பத்தோடு கல்யாணத்துக்குப் புறப்படக் காருக்குக் கரி போட்டுக்கொண்டிருந்தார். நேற்று எங்களை வழியனுப்பிய பாதிப் பேர் அங்கே நின்றார்கள். அப்பா துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு அத்தனை பேர் நடுவிலும் நடந்து போனார்.

"மச்சான், எடம் இருக்கா?"

"ரெண்டு பேருக்கு இருக்கு அத்தான்."

"போதும். இவனையும் ஒங்கக்காவையும் ஏத்திக்க."

"நீங்க?"

"நான் பின்னால வரேன். எங்கயும் நிக்காம போ."

யாரிடமும் எதையும் கேட்டுப் பழகாத மனுஷர். அவரைக் கடைத்தெருவில் தனியாக விட்டுவிட்டு வடக்கே போகும்போது திரும்பித் திரும்பிப் பார்த்தேன்.

வியாழன் காலை முகூர்த்தத்துக்குள் தாலி கட்டினேன். அக்கா மகன் அட்சதை போட்டான். அப்பாவின் இடத்தில் மாமா நின்றார். வாசலை வாசலைப் பார்த்து எனக்குக் கழுத்து வலித்தது.

பந்தி ஆரம்பித்த பிறகு அப்பா வந்தார். கரி மூட்டை லாரியின் மேலே உட்கார்ந்து வந்திருக்கிறார். வேட்டி, சட்டை, முகம் எல்லாம் கறுப்பு.

"நேரத்துக்குள்ள கட்டிட்டியாடா?"

"கட்டிட்டேன்பா."

இருவரும் காலில் விழுந்தோம். ஆசீர்வாதம் பண்ணக் கையை நீட்டியவர், கரி ஒட்டிவிடுமே என்று ஜெயலட்சுமியின் தலைக்கு மேலேயே நிறுத்திக்கொண்டார்.

"பரவாயில்லை மாமா, வைங்க" என்றாள்.

வைத்தார். கையை எடுக்கும்போது நெற்றிவரை இழுபட்டது. பிறகு எடுத்த கல்யாணப் போட்டோவில் அவள் நெற்றியில் அந்தக் கரி இருக்கிறது. போட்டோக்காரர் துடைக்கச் சொன்னார், அவள் துடைக்கவில்லை.