இரண்டாம் கயிறு

"ரெண்டா? எனக்கு ரெண்டா?"

நெட்டா எண்ணை மட்டும் பார்த்துவிட்டு அந்த அட்டையைக் கத்தி கரண்டி போடும் இழுப்பறைக்குள் வீசி, இடுப்பால் இடித்து மூடினாள். இடித்த வேகத்தில் மேலே தொங்கிய கோப்பைகள் ஆடின. கீழ்வீட்டு நாய் குரைத்தது. கிளைட் நதியில் இரண்டு கப்பல் திசை மாறியிருந்தாலும் ஆச்சரியப்படுவதற்கில்லை. எண்பத்தொரு வயதில் நெட்டாவின் முழங்கால், தோள், விரல் எல்லாவற்றுக்கும் மூட்டுவலி வந்திருந்தது. கோபத்துக்கு மட்டும் வரவில்லை.

வாசலில் நனைந்த குடையோடு ரோனா நின்றிருந்தாள். இறந்துபோனவளின் ஒரே மகள். பதினொரு மணிக்கு அடக்கம். இப்போது மணி ஒன்பதரை.

"பெரியம்மா, கோட்டைப் போடுங்க. கார் கீழே நிக்குது."

"ஒண்ணாம் நம்பர் கயிறு யாருக்கு?"

ரோனா குடையை மடக்கினாள். மடக்கிய குடையை மறுபடி மடக்கப் பார்த்தாள்.

"வாட்டிக்கு."

"எந்த வாட்டி? டோப்பா வாட்டியா?"

"ஆமா."

"கூடப் பிறந்தவ நான் இருக்கேன். வயித்துல பிறந்தவ நீ இருக்கே. டோப்பா மாட்டிவிட்டவனுக்கு முதல் கயிறு! உனக்கு எத்தனை?"

"மூணு."

"விளங்கும்."

அந்த ஊரில் சவப்பெட்டியைக் குழிக்குள் இறக்குவது குழிவெட்டுகிறவன் வேலையல்ல. நெருங்கியவர்கள் எட்டுப் பேர் ஆளுக்கொரு கயிறு பிடித்து இறக்க வேண்டும். யாருக்கு எந்தக் கயிறு என்று எண் போட்ட அட்டை முன்கூட்டியே வரும். அந்த எண்ணால் பேச்சுவார்த்தை முறிந்த குடும்பங்கள் கிளாஸ்கோவில் தெருவுக்கு மூன்று உண்டு. இம்முறை பழியைப் போட அடக்கம் செய்பவரும் கிடைக்கவில்லை. பட்டியலைச் செத்தவளே தன் கைப்பட எழுதி வைத்துவிட்டுப் போயிருந்தாள்.

செத்தவள் சாமானியப்பட்டவளா? வீட்டுக்கு ஜெஸ்ஸி, உலகத்துக்குக் கோரல் டீன். பதினைந்து வயதில் முதல் இசைத்தட்டு. அவள் லண்டனில் மூச்சை இழுத்தால் அபர்டீனில் மீன்கள் தாமாகவே வலையில் வந்து விழும் என்பார்கள். பாட்டு ஓய்ந்தபோது சினிமா. சினிமா ஓய்ந்தபோது தொலைக்காட்சி. ஒரு நெடுந்தொடரில் தீயில் வெந்து செத்தாள், படியில் உருண்டு செத்தாள், பிறகு இறந்தவளின் இரட்டைச் சகோதரியாக வந்து இன்னும் ஆறு வருடம் நடித்தாள். கிறிஸ்துமஸ் நாடகங்களில் முதலில் இளவரசி, பிறகு தேவதை, இடுப்பு பெருத்ததும் சூனியக்காரி. விடைபெறும் சுற்றுப்பயணம் மட்டும் பதினொன்று. அதனால்தான் செய்தி வந்த அன்று எதிர்வீட்டு ஈசா, கதவைத் தட்டி, கண்ணைத் துடைத்துக்கொண்டே, "இது நிச்சயமாத்தானா நெட்டா? அவ பதினொரு தடவை போயிட்டு வந்தவளாச்சே" என்று கேட்டாள்.

நெட்டா அன்று சிரித்துவிட்டாள். சிரித்த பிறகு நாற்காலியைத் தேடி உட்கார்ந்தாள்.

இரண்டு என்ற எண் ஏன் சுட்டது என்று நெட்டாவுக்குத்தான் தெரியும். ஜெஸ்ஸியின் முதல் பாட்டு விற்பனைப் பட்டியலில் ஏறி, இரண்டாம் இடத்தில் ஐந்து வாரம் நகராமல் உட்கார்ந்திருந்தது. அப்போது பிஸ்கட் தொழிற்சாலையில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்த நெட்டா, மூலைக்கடைத் தொலைபேசியில் தங்கையைக் கூப்பிட்டு, "ரெண்டாவதுதானே?" என்று கேட்டுவிட்டு வைத்தாள். பொறாமை என்று சொல்லிவிட முடியாது. வாழ்த்தத்தான் கூப்பிட்டாள், வாயிலிருந்து வந்தது வேறு.

ஜெஸ்ஸி பதில் சொல்லப் பல வருடம் காத்திருந்தாள். ஒரு சனிக்கிழமை, நாடே பார்க்கும் நிகழ்ச்சியில், தாளம் எங்கே கற்றீர்கள் என்று கேட்டதற்கு, "எங்க அக்கா நெட்டாவோட குறட்டையிலதான்" என்றாள். கோடிப் பேர் சிரித்தார்கள். திங்கட்கிழமை தொழிற்சாலையில் முந்நூறு பெண்கள் இயந்திரச் சத்தத்தையும் மீறித் தாளம் தப்பாமல் குறட்டை விட்டார்கள். அன்றோடு நெட்டா தங்கையின் எந்த அரங்கத்துக்கும் போகவில்லை. ஒவ்வொரு டிசம்பரிலும் முதல் வரிசைக்கு இரண்டு நுழைவுச்சீட்டு தபாலில் வரும். ஈசாவுக்குக் கொடுப்பாள், பால்காரருக்குக் கொடுப்பாள், ஒரு வருடம் சாக்கடை அடைப்பெடுக்க வந்தவனுக்குக் கொடுத்தாள். அவன் மனைவியோடு போய் முதல் வரிசையில் உட்கார்ந்து அழுதுவிட்டு வந்தானாம்.

புத்தாண்டுக்கு மட்டும் ஒரு தொலைபேசி அழைப்பு. இந்த ஜனவரியில் ஜெஸ்ஸியின் குரல் நூல் பிரிந்ததுபோல் இருந்தது.

"கால் சில்லுன்னே இருக்குக்கா. என்ன செஞ்சாலும் சூடு ஏற மாட்டேங்குது."

"ஊரே உன் காலடியில கிடக்குதே. அவங்களைத் தேய்ச்சுவிடச் சொல்லு."

ஜெஸ்ஸி சிரித்தாள் என்றுதான் நெட்டா நினைத்தாள். இருமலாகவும் இருந்திருக்கலாம். மறுநாள் நெட்டா சிவப்புக் கம்பளி நூல் வாங்கிவந்து காலுறை பின்ன ஆரம்பித்தாள். யாருக்கு என்று ஈசா கேட்டதற்கு, "விரல் மரத்துப்போகுது, பயிற்சிக்கு" என்றாள். ஒன்று முடிந்து, மற்றொன்றில் குதிகால் திருப்ப வேண்டிய இடத்தில்தான் ரோனாவின் அழைப்பு வந்தது.

இப்போது ஈசா கறுப்புத் தொப்பியோடு படியில் நின்றிருந்தாள்.

"நீ வரலைன்னா சொல்லிடு நெட்டா. அந்தக் கயிறை நான் பிடிக்கிறேன். ரெண்டு என்ன, எட்டானாலும் எனக்குச் சரிதான்."

"உன் இடுப்புக்கு நீ கயிறு பிடிச்சா பெட்டியோட நீயும் போயிடுவே."

"போனா என்ன? உள்ளே பாட்டாவது கேக்கலாம்."

நெட்டா கோட்டை எடுத்தாள். பின்னல் பை நாற்காலியில் கிடந்தது. அதையும் எடுத்தாள், முடிந்த காலுறை கோட்டுப் பைக்குள் போனது. இழுப்பறையைத் திறந்து அட்டையை எடுத்துக்கொண்டாள். மூக்குக்கண்ணாடியைத்தான் மறந்துவிட்டாள்.

இடுகாடு மேட்டில் இருந்தது. மழை மேலிருந்து வரவில்லை, பக்கவாட்டில் வந்தது. வேலிக்கு வெளியே ரசிகர்கள் நாலாயிரம் பேர் என்று மறுநாள் ஈசா சொல்வாள். இருநூறு பேர் இருந்தார்கள். நெட்டா இடுகாட்டில் நிற்பது இதுதான் முதல்முறை. அவள் காலத்தில் பெண்கள் வருவதில்லை. அம்மா போனபோதுகூட ஆண்கள் திரும்பிவரும்வரை வீட்டிலேயே இருந்து கறி ஆறாமல் பார்த்துக்கொண்டதுதான் அவளும் ஜெஸ்ஸியும் செய்தது. கணவன் அலெக்கை எரித்தார்கள், கயிறே இல்லை.

உயரத் தொப்பி வைத்த அடக்கக்காரர் பெயர் வாசித்தார். "ஒன்று. திரு. வாட்டி பிரி." மெலிந்த, எழுபது வயது வாட்டி முன்னே போய் நின்றான்.

"இரண்டு. திருமதி நெட்டா."

நெட்டா வாட்டிக்குப் பக்கத்தில் போய் நின்றாள். அவனைவிட அரை அடி முன்னால்.

"இங்க இல்லம்மா." அடக்கக்காரர் அவள் முழங்கையைத் தொட்டார். "அட்டையில படம் போட்டிருக்குமே. ஒண்ணு தலைமாடு. நீங்க அந்தக் கோடி. கால்மாடு."

நெட்டா அட்டையைத் தூரப் பிடித்தாள், கிட்டப் பிடித்தாள். கண்ணாடியில்லாமல் ஒரு பெட்டிபோல ஏதோ தெரிந்தது. அதன் இரு முனையிலும் ஜெஸ்ஸியின் சாய்ந்த கையெழுத்து.

"என்ன எழுதியிருக்கு, வாட்டி?"

வாட்டி எட்டிப் பார்த்தான். "'தலைக்கு வாட்டி. காலுக்கு நெட்டா.' அவ்வளவுதான்க்கா."

நெட்டா அட்டையைக் கோட்டுப் பைக்குள் வைத்தாள். வாட்டி மெல்லத் தொடர்ந்தான்.

"மேடை ஏறுறதுக்கு முன்னாடி தினமும் சொல்வாங்க, கால் சில்லுன்னு இருக்குன்னு. நான் வேணா தேய்ச்சுவிடட்டுமான்னு ஒரு தடவை கேட்டேன். 'நீ தலையோட நில்லு. காலுக்கு ஆள் வேற'ன்னாங்க. திரை ஏறினதும் முதல் வரிசையைத்தான் பார்ப்பாங்க."

"பார்த்து?"

"பார்த்துட்டுப் பாடுவாங்க."

சின்ன வயதில் பார்ட்டிக் பகுதியில் நெட்டாவின் குடும்பத்துக்கு இருந்தது ஒற்றை அறை. சுவருக்குள் பதித்த ஒரு கட்டில். தலைமாட்டில் ஜெஸ்ஸி, கால்மாட்டில் தலைவைத்து நெட்டா. உலகத்திலேயே குளிர்ந்த இரண்டு பாதங்கள் போர்வைக்குள் தேடிக்கொண்டு வரும். நெட்டா வைவாள், ஐஸ்பெட்டி மீனே என்பாள், பிறகு அவற்றைத் தன் இரண்டு அக்குளிலும் இடுக்கிக்கொள்வாள். அவை சூடேறிய பிறகுதான் ஜெஸ்ஸி தூங்குவாள். அதற்கு முன்பே நெட்டா தூங்கிவிடுவாள், குறட்டையோடு.

நெட்டா சுற்றிக்கொண்டு கால்மாட்டுக்குப் போனாள். புல் வழுக்கியது. ரோனா கை நீட்டினாள், வேண்டாம் என்றாள்.

கயிறு மழையில் ஊறி, பட்டுபோல நழுவியது. விரல்கள் மடங்க மறுத்தன. நெட்டா பைக்குள் கைவிட்டு, சிவப்புக் காலுறையை எடுத்து, கயிற்றின் மேல் சுற்றி இரண்டு கையாலும் பிடித்தாள்.

"இறக்குங்க. மெதுவா."

தலைப்பக்கம் இறங்கியது. கால்பக்கம் இறங்கவில்லை. பெட்டி லேசாகச் சாய்ந்தது. எதிர்க்கோடியில் வாட்டி நிமிர்ந்து பார்த்தான். கயிறு விடுவதை நிறுத்திக் காத்திருந்தான்.

"பெரியம்மா," என்றாள் ரோனா.

"இரு. இன்னும் கொஞ்சம்."

யாரும் அவசரப்படுத்தவில்லை. அடக்கக்காரர் தன் தொப்பி விளிம்பிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நெட்டாவின் கை ஒரு சாண் விட்டது. இன்னொரு சாண். பெட்டி மட்டமாகி, அடியில் போய் அமர்ந்தது.

"இப்போ கயிறை விட்டுடலாம்."

எட்டுக் கயிறும் பெட்டியின் மேல் விழுந்தன. ஒன்றில் சிவப்பாக ஏதோ சுற்றியிருந்தது.

அடக்கம் முடிந்து, விடுதியில் மாவு மூடிச் சுட்ட மாட்டுக்கறியும் விஸ்கியும் வைத்தார்கள். யாரோ அந்த இரண்டாமிடப் பாட்டை எடுத்துவிட, மொத்தக் கூடமும் ஆளுக்கொரு சுருதியில் பாடியது. ஈசாவின் சுருதி மட்டும் எடின்பரோ வரை கேட்டிருக்கும். நெட்டா பாடவில்லை. தட்டை ஓரமாகத் தள்ளிவிட்டு, ரோனாவின் கண்ணாடியை இரவல் வாங்கி, பையைத் திறந்து ஊசிகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, குதிகாலைத் திருப்ப ஆரம்பித்தாள்.

வாட்டி பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தான். சிவப்பு நூலைக் கொஞ்ச நேரம் பார்த்தான்.

"யாருக்குக்கா இது?"

"பேசாதே," என்றாள் நெட்டா. "எண்ணிக்கை தப்பிடும்."